நாடுகள் பாகம் பிரியும்போது யாருக்கு என்ன போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆந்திர எல்லையில், நகரியில், 22 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு. 2014இல் தெலங்கானா பிரிந்தபோது என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள்: ஹைதராபாத் யாருக்கு, கடன் யார் தலையில், நம் பென்ஷன் என்ன ஆகும். அப்புறம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சோவியத், யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாகியா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காக நான் படித்தது, யோசித்தது எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போடுகிறேன்.

நாடு பிரிவதும் அண்ணன் தம்பி பாகம் பிரிவதும் ஒன்றுதானா?

பாதி ஒன்றுதான். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது நாங்கள் சொத்தை மூன்றாகப் பார்ப்போம். வீடு, நிலம் போல இடம் விட்டு நகராதது. நகை, மாடு, ரொக்கம் போல எண்ணிக் கொடுக்கக்கூடியது. கடைசியாகப் பொதுவில் விடுவது, அதாவது கிணறு, வண்டிப்பாதை, குலதெய்வக் கோயில். கடன் தனியாக வரும். நாடுகள் பிரியும்போதும் ஏறக்குறைய இதே நான்கு தலைப்புதான்.

வித்தியாசம் எங்கே என்றால், அண்ணன் தம்பிக்கு மேலே சார்பதிவாளர் இருக்கிறார், கோர்ட் இருக்கிறது. ஆந்திரா தெலங்கானாவுக்கு மேலே பாராளுமன்றம் இருந்தது, அது ஒரு சட்டம் போட்டது. இரண்டு தனி நாடுகளுக்கு மேலே அப்படி யாரும் இல்லை. நாடு பிரிந்தால் அரசுச் சொத்து, ஆவணக் காப்பகம், கடன் இவற்றை எப்படிப் பிரிப்பது என்று 1983இல் வியன்னாவில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். போதுமான நாடுகள் ஏற்காததால் அது இன்றுவரை நடைமுறைக்கே வரவில்லை. ஆகவே ஒவ்வொரு பிரிவினையிலும் புதிதாக உட்கார்ந்து பேச வேண்டியதாகிறது, யாருக்கு அவசரமோ அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள்.

யாருக்கு எவ்வளவு என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பெரும்பாலும் மக்கள்தொகை. செக்கோஸ்லோவாகியா 1993 ஜனவரி 1 அன்று செக், ஸ்லோவாக் என இரண்டு நாடுகளானபோது செக் பக்கம் ஆள் இரண்டு மடங்கு, அதனால் நகரும் சொத்து 2:1. இந்தியா பாகிஸ்தான் பிரிந்தபோது பாகிஸ்தானுக்குப் பதினேழரை சதவீதம் என்று முடிவானது, மேஜை, நாற்காலி, டைப்ரைட்டர் வரை எண்ணினார்கள். சோவியத் கடனைப் பங்கு போட 1991 டிசம்பரில் போட்ட கணக்கில் ரஷ்யாவுக்கு 61.34, உக்ரைனுக்கு 16.37 சதவீதம். ஆந்திரா தெலங்கானாவுக்கு 58.32, 41.68.

விகிதம் போடுவது சுலபமான வேலைதான், போட்ட பிறகு கொடுப்பதில்தான் தகராறு வரும். 1947இல் ரொக்கத்தில் பாகிஸ்தானுக்கு 75 கோடி ரூபாய் என்று ஒப்புக்கொண்டு 20 கோடியைக் கொடுத்துவிட்டார்கள். மீதி 55 கோடி காஷ்மீர் சண்டையால் நின்றுபோய், 1948 ஜனவரியில் காந்தி உண்ணாவிரதம் இருந்த நாட்களில்தான் விடுவிக்கப்பட்டது. நல்லபடியாகப் பிரிந்தவர்கள் என்று எல்லாரும் சொல்லும் செக், ஸ்லோவாக் நாடுகளுக்கு நடுவிலும் சுமார் 4 டன் தங்கம் 2000ஆம் ஆண்டு வரை மாட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் பாக்கி இருக்கிறது என்று செக் தரப்பு பிடித்து வைத்திருந்தது.

கட்டடம், சாலை, ரயில் பாதை?

எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு. இதில் பெரிய தகராறு வருவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் தூதரகக் கட்டடங்கள்தான் சிக்கல்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்கிறேன். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த பிறகும், சிங்கப்பூர் நடுவே ஓடிய ரயில் பாதையும் தஞ்சோங் பகார் நிலையமும் மலேசிய ரயில்வே கையிலேயே இருந்தன. பிரிட்டிஷ் காலத்து 999 வருஷக் குத்தகை. 1990இல் ஓர் ஒப்பந்தம் போட்டு, அதற்கு என்ன பொருள் என்று இருபது வருஷம் வாதாடி, 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் போனது. மலேசியாவின் ஜோகூர் மாநிலச் சுல்தானே அந்த ரயிலை ஓட்டினார்.

கடன் யார் தலையில்?

ஒருவரே எல்லாக் கடனையும் ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு வெளிநாட்டுச் சொத்தையும் தானே வைத்துக்கொள்வது ஒரு வழி. ரஷ்யா அதைத்தான் செய்தது. சதவீதம் போட்டுப் பார்த்தார்கள், சின்னக் குடியரசுகளால் கட்ட முடியவில்லை, கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். சரி, நானே கட்டுகிறேன், தூதரகம் முதல் எல்லாம் எனக்கு என்று ரஷ்யா சொன்னது. உக்ரைன் 1994இல் கையெழுத்துப் போட்டும் அதன் பாராளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. சோவியத் கடனின் கடைசித் தவணையை ரஷ்யா 2017இல் போஸ்னியாவுக்குக் கட்டியது. 26 வருஷம்.

ரூபாய் நோட்டு ஒரே இரவில் மாறிவிடுமா?

மாறாது. பாகிஸ்தானுக்கு 1948 ஜூன் வரை நம் ரிசர்வ் வங்கிதான் நோட்டு விட்டது, இந்திய நோட்டின் மேலேயே பாகிஸ்தான் அரசு என்று அச்சடித்தார்கள். செக்கும் ஸ்லோவாக்கும் ஒரே பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் தொடங்கினார்கள். அது 1993 பிப்ரவரி 8 வரை, ஆறு வாரத்துக்குள் முடிந்தது. புது நோட்டு வரும்வரை பழைய நோட்டில் சின்ன ஸ்டாம்பு ஒட்டிப் புழங்கினார்கள்.

கொடி, தேசிய கீதம், பெயர் இதெல்லாம் யாருக்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இங்கே சதவீதம் உதவாது. கொடியை 2:1 என்று கிழிக்க முடியாது.

செக்கோஸ்லோவாகியா கீதம் தானாகவே பிரிந்தது. அதன் முதல் பாதி செக் பாட்டு, இரண்டாம் பாதி ஸ்லோவாக் பாட்டு, 1918இல் நாடு உருவானபோது சேர்த்து வைத்தது. அவரவர் பாதியை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கொடியில் அப்படி நடக்கவில்லை. பழைய நாட்டின் சின்னங்களை இரண்டு பேருமே பயன்படுத்தக் கூடாது என்று கூட்டாட்சிப் பாராளுமன்றம் 1992இல் சட்டமே போட்டிருந்தது. இருந்தும் செக் நாடு அதே கொடியைத் தன் கொடியாக அறிவித்தது, இன்றும் அதுதான் பறக்கிறது. அந்தக் கொடியில் இருக்கும் நீல முக்கோணத்தை ஸ்லோவாகியாவுக்காகச் சேர்த்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனாலும் செக் நாடு அந்தக் கொடியை எடுத்துக்கொண்டது தப்பு என்றே நான் நினைக்கிறேன். வாக்குக் கொடுத்து எழுதிய ஷரத்தை மீறியது சின்ன விஷயம் ஆகாது, சண்டை வராமல் போனது ஸ்லோவாக் மக்களின் பொறுமை.

சுவீடனும் நார்வேயும் 1905இல் பிரிந்தபோது இது சுத்தமாக முடிந்தது. ஒன்றாக இருந்த காலத்தில் இரண்டு நாட்டு நிறத்தையும் கலந்த ஒரு சின்னம் கொடியின் மூலையில் இருந்தது, ஜனங்கள் அதை மீன் சாலட் என்று கேலி செய்தார்கள். பிரிந்த வருஷமே சுவீடன் அதை எடுத்துவிட்டது.

பெயரிலும் ஆசனத்திலும்தான் நிஜமான லாபம் இருக்கிறது. பழைய நாட்டின் தொடர்ச்சி நான்தான் என்று யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு ஐ.நா. இடம் போகும். 1947இல் இந்தியா ஏற்கெனவே உறுப்பினர், அப்படியே தொடர்ந்தது, பாகிஸ்தான் புது உறுப்பினராகச் சேர்ந்தது. 1991இல் ரஷ்யா ஒரு கடிதம் கொடுத்து, வீட்டோ அதிகாரத்தோடு பாதுகாப்பு கவுன்சில் ஆசனத்தை எடுத்துக்கொண்டது. அதே உரிமையைச் செர்பியாவும் மாண்டினீக்ரோவும் யூகோஸ்லாவியா பெயரில் கேட்டபோது உலகம் ஏற்கவில்லை, கடைசியில் 2000 நவம்பரில் புது நாடு போல விண்ணப்பித்துச் சேர்ந்தார்கள். மற்ற வாரிசுகள் சம்மதித்தார்களா இல்லையா என்பதில்தான் இந்த இரண்டும் வேறுபட்டன.

பழைய சுவடிகள், சிலைகள், அருங்காட்சியகப் பொருட்கள்?

இதில் மனசு கனத்துப்போகிற கதையும் உண்டு, நிறைகிற கதையும் உண்டு. மொகஞ்சதாரோவில் தோண்டி எடுத்த நகைகளை இந்தியா பாகிஸ்தான் பிரிவினையில் மணி மணியாகப் பிரித்தார்கள். நாலாயிரம் வருஷத்துக்கும் முன்னால் ஏதோ ஒரு பெண் போட்டிருந்த ஆரம், பாதி மணி அந்தப் பக்கம், பாதி மணி இந்தப் பக்கம். அம்மாவின் காசுமாலையை அறுத்துப் பிரித்துக்கொண்ட மகள்களை என் மேஜை முன்னால் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அப்போதே சொன்னேன், மாலையை ஒருத்தி வைத்துக்கொள்ளுங்கள், மற்றவளுக்கு ஈடாகப் பணம் எழுதுகிறேன் என்று. கேட்கவில்லை.

ஐஸ்லாந்து 1944இல் டென்மார்க்கோடு இருந்த பிணைப்பை முடித்துக்கொண்டது. அவர்களுடைய பழைய தோல் சுவடிகளில் பெரும்பகுதி டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இருந்தது. டென்மார்க் கோர்ட் வரை போய், கடைசியில் திருப்பிக் கொடுக்க முடிவானது. 1971 ஏப்ரல் 21 அன்று முதல் இரண்டு சுவடிகள் டென்மார்க் கடற்படைக் கப்பலில் ரெய்க்யவிக் வந்து சேர்ந்தன, துறைமுகத்தில் பெருங்கூட்டம். அப்புறம் பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி 1997இல் முடித்தார்கள். எல்லாவற்றையும் அனுப்பவில்லை, ஒரு பகுதியை டென்மார்க் வைத்துக்கொண்டது. யாருடைய மொழி, யாருடைய கதை என்று பார்த்துப் பிரித்ததால் இரண்டு பக்கத்துக்கும் கசப்பு மிஞ்சவில்லை.

தலைநகரம் ஒன்றுதான் இருக்கிறது, அதை எப்படிப் பிரிப்பது?

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1952, 53இல் தெலுங்கு பக்கம் ‘மதராஸ் மனதே’ என்று முழங்க, தமிழ் பக்கம் ம.பொ.சி. ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று நின்றார். பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திரா கேட்டு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா பிறந்தது, மதராஸ் இல்லாமல். கர்னூலில் கூடாரம் போட்டு அலுவலகம் நடத்தினார்கள். அறுபது வருஷம் கழித்து ஹைதராபாத்தும் கைவிட்டுப் போனது. 10 வருஷம் பொதுத் தலைநகரம் என்று சட்டத்தில் எழுதியது 2024 ஜூன் 2 அன்று முடிந்தது. தலைநகரத்தில் உழைப்பைக் கொட்டியவனுக்குப் பிரியும்போது கையில் ஒன்றும் இல்லாமல் போவது பெரிய வலி. இதைத் தமிழ் பேசுகிறவனாக இருந்துகொண்டு சொல்கிறேன்.

தண்ணீர், எண்ணெய் போன்றவை?

போன வருஷம் இரண்டு அண்ணன் தம்பி வந்தார்கள். கிணறு பொதுவில், வாரத்தில் மூன்று நாள் ஒருத்தருக்கு, ஞாயிறு முறை மாற்றி மாற்றி என்று அவர்கள் அப்பா காலத்துப் பத்திரத்தில் தெளிவாக இருந்தது. மோட்டார் சர்வீஸ் பெரியவர் பெயரில். ஏதோ கோபத்தில் அவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். தம்பிக்குக் கிணற்றில் பாதி இருக்கிறது, ஒரு குடம் தண்ணீர் இல்லை. வேர்க்கடலை காய்ந்துபோனது.

சூடானும் தெற்கு சூடானும் 2011 ஜூலை 9 அன்று பிரிந்தபோது அப்படியே இதுதான் நடந்தது. எண்ணெயில் முக்கால் பங்கு தெற்கே, துறைமுகத்துக்குப் போகும் குழாய் வடக்கே. குழாய் வாடகை எவ்வளவு என்று எழுதாமலே பிரிந்தார்கள். 2012 ஜனவரியில் தெற்கு எண்ணெய் எடுப்பதையே நிறுத்தியது. இரண்டு பக்கமும் பட்டினி, எல்லையில் சண்டை.

சிங்கப்பூர் இதில் முன்யோசனையாக இருந்தது. ஜோகூரிலிருந்து வரும் தண்ணீருக்கு 1961, 1962இல் போட்ட ஒப்பந்தங்களைப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே மலேசியாவை உறுதி செய்ய வைத்தார்கள். ஆயிரம் காலனுக்கு 3 சென் என்ற விலை பற்றி இன்றும் மலேசியாவுக்கு மனக்குறை உண்டு, ஆனாலும் தண்ணீர் நிற்கவில்லை. 1962 ஒப்பந்தம் 2061 வரை இருக்கிறது.

நம் பக்கத்தில் தெலுங்கு கங்கை இருக்கிறது. 1983 ஒப்பந்தம், 1996இல் கிருஷ்ணா தண்ணீர் முதன்முதலாக ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட் தாண்டிப் பூண்டிக்குப் போனது. மதராஸ் யாருக்கு என்று அடித்துக்கொண்ட இரண்டு மாநிலங்களில் ஒன்று அந்த மதராஸுக்கே குடிக்கத் தண்ணீர் அனுப்புகிறது. அளவு குறைகிற வருஷங்கள் உண்டு, அது வேறு விஷயம்.

மனிதர்கள் என்ன ஆவார்கள்? குடியுரிமை தானாக வந்துவிடுமா?

வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகமாக அடிபட்டார்கள்.

ஸ்லோவேனியா 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. அங்கே வேலைக்கு வந்து வருஷக்கணக்கில் குடியிருந்த செர்பியர், போஸ்னியர், குரோஷியர், ரோமா மக்கள் இருந்தார்கள். ஆறு மாதத்துக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பிக்காதவர்கள், மறுக்கப்பட்டவர்கள் பெயர்களை 1992 பிப்ரவரி 26 அன்று நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாருக்கும் கடிதம் போகவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போன ஆள் தன் அட்டையை நீட்டுகிறார், கவுண்டரில் இருப்பவர் அதில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார், அல்லது கொடுக்கவே இல்லை. வேலை போச்சு, மருத்துவம் போச்சு, பென்ஷன் போச்சு. 25,671 பேர். அவர்களை அழிக்கப்பட்டவர்கள் என்றே சொல்கிறார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, இருபது வருஷம் கழித்து. பதிவேட்டில் ஒரு வரி இல்லையென்றால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவன் நான், இதைப் படித்த அன்று ராத்திரி தூங்கவில்லை.

சேமிப்பும் அப்படித்தான். ஸ்லோவேனியாவின் லுப்லியானா வங்கி போஸ்னியாவின் சரயேவோ நகரில் வைத்திருந்த கிளையில் வெளிநாட்டுப் பணமாகப் போட்டு வைத்திருந்தவர்களுக்கு, நாடு பிரிந்ததும் எந்த நாடு கொடுப்பது என்று தெரியாமல் பணம் உறைந்து போனது. 2014இல்தான் ஸ்லோவேனியா கொடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. பணம் போட்டவர்களில் பலருக்கு அதற்குள் வயதாகிவிட்டது.

செர்கெய் கிரிகாலேவ் என்ற விண்வெளி வீரர் 1991 மே மாதம் சோவியத் குடிமகனாக மேலே போனார். 311 நாள் கழித்து 1992 மார்ச்சில் இறங்கியபோது அந்த நாடே இல்லை. இறங்கின தரை கஜகஸ்தான் என்ற தனி நாடு, அவர் பிறந்த லெனின்கிராட் நகரத்தின் பெயரும் மாறியிருந்தது. அவருக்காவது இறக்கிவிட ஆள் காத்திருந்தார்கள்.

என்னைக் கேட்டால் பிரிவினை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இதைத்தான் எழுத வேண்டும்: இந்தத் தேதியில் இங்கே குடியிருக்கிறவர் எல்லாரும் இந்த நாட்டுக்காரர், வேண்டாம் என்கிறவர் மட்டும் எழுதிக்கொடுக்கட்டும். விண்ணப்பிக்கிற சுமையை ஜனங்கள் மேல் போடக் கூடாது. தங்கமும் கப்பலும் அடுத்த பக்கத்தில் வரட்டும்.

பிரிந்த பிறகு எல்லை ஊர்களை மாற்றிக்கொள்ள முடியுமா?

முடியும். செக், ஸ்லோவாக் எல்லையில் ஊ சபோத்து என்ற குடியிருப்பு ஸ்லோவாகியாவுக்கும், சிடோனியா என்ற இடம் செக் நாட்டுக்கும் 1997இல் கை மாறின. எங்களுக்கு அது 1960 ஏப்ரல் 1. படாஸ்கர் என்பவர் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே மத்தியஸ்தம் செய்து, சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி மதராஸ் மாநிலத்துக்குப் போனது, செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திராவுக்கு வந்தன. நகரியும் புத்தூரும் இந்தப் பக்கமே இருந்துவிட்டன. திருத்தணி முருகன் கோயில் மணி கேட்கிற தூரமாக எங்கள் பாட்டி அதைச் சொல்வாள், நடுவில் மாநில எல்லை.

அப்போ நீங்கள் ஆந்திராவா, தமிழா?

இரண்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணிக்குப் போகிறோம், உகாதிக்குப் பச்சடி செய்கிறோம். தறி ஓட்டுகிறவர்கள் நூல் கணக்கைத் தமிழில் சொல்லித் தெலுங்கில் எழுதுவார்கள். என் அக்கா மகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, ‘மாமா சாப்டியா’ என்று தெலுங்கு எழுத்தில் மெசேஜ் போடுவாள். அதைப் பார்க்கும்போது சந்தோஷமும் வரும், கொஞ்சம் வருத்தமும் வரும். பிரிவினை போட்டவர்கள் சொத்துக்கு அட்டவணை போட்டார்கள், எல்லையோரத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் இருக்க வேண்டும் என்பதை அதே கறாரோடு எழுதியிருந்தால் அவள் எழுதுவாள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெலுங்கு வீடுகளுக்கும் இதே குறைதான்.

எங்கள் குடும்பப் பத்திரத்தில் மாவட்டம் சித்தூர் என்று இருக்கிறது, நிலம் இப்போது தமிழ்நாட்டில். பத்திரம் செல்லுமா?

செல்லும். எல்லை மாறியதால் கிரயம் செல்லாமல் போகாது. எங்கள் தாத்தா 1957இல் வாங்கிய ஒரு ஏக்கருக்கும் குறைந்த நிலம் அப்படித்தான். பத்திரத்தில் சித்தூர் ஜில்லா, திருத்தணி தாலுகா. நிலம் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில். மை பழுப்பாகிவிட்டது, தாத்தா ரேகை மட்டும் நேற்று வைத்தது போல இருக்கிறது. வில்லங்கம் எடுக்கப் போனபோது ஓர் அலுவலகத்தில் அந்தப் பக்கம் கேளுங்கள் என்றார்கள், அந்தப் பக்கத்தில் இந்தப் பக்கம் என்றார்கள். நாலு மாசம் அலைந்தோம்.

அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். பத்திர எண், வருஷம், அன்று பதிவான அலுவலகத்தின் பெயர், பழைய சர்வே எண் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இப்போது அந்தக் கிராமம் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் வருகிறதோ அங்கே முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். இல்லை என்றால் இல்லை என்பதையும் எழுதி வாங்குங்கள், வாய்ப் பேச்சோடு திரும்பி வராதீர்கள். மூலப் பத்திரத்தை மடிப்பில் கிழியாமல் பிளாஸ்டிக் உறையில் விரித்து வையுங்கள், லேமினேஷன் மட்டும் பண்ண வேண்டாம். தெலுங்கிலோ தமிழிலோ படிக்க முடியவில்லை என்றால் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.